பிறப்பு: தெரியவில்லை

என் வீட்டுக்காரருக்கு அகராதி அலுவலகத்தில் வேலை. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதும் பெரிய அகராதி அது. எப்போது முடியும் என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதனால் நான் வாரத்துக்கு ஒருமுறைதான் கேட்பேன். முப்பத்திரண்டு வருடத்தில் 'எஃப்' வரைக்கும் வந்திருக்கிறார்கள். 'இசட்' வருவதற்குள் எனக்கு எந்தக் கண்ணாடி போட்டாலும் எழுத்துத் தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள் சொல்கிறேன், நம்பலாம்.

சொற்களின் பிறப்பைத் தேடுவது அவர் பொறுப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை உண்டு. சொல், பொருள், முதலில் கண்ட இடம், பிறப்பு என்று அதில் நான்கு வரி. அந்த நான்காவது வரியில் இவர் வைத்ததுதான் சட்டம். யார் என்ன எழுதிக்கொண்டு வந்தாலும் "சான்று எங்கே?" என்பார். கேட்டுக் கேட்டு அவர் பெயரே 'சான்று சார்' என்றாகிவிட்டது. வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்று சொன்னால்கூடப் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவார்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிறப்பைக் கண்டுபிடித்து எழுத ஒரு கையெழுத்து போதும். 'தெரியவில்லை' என்று எழுதத்தான் இரண்டு கையெழுத்து வேண்டும். தேடியவர் ஒருவர், அவர் பேச்சை நம்பாமல் தனியாகத் தேடிப் பார்த்த இன்னொருவர். இல்லாவிட்டால் சோம்பேறிகள் எல்லா அட்டையிலும் 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்களாம். தெரியாது என்பதைச் சொல்லவும் இத்தனை பாடா என்று நான் சிரித்திருக்கிறேன்.

போன மாதம் அவர் மேசைக்கு வந்து உட்கார்ந்த சொல் 'ஃப்ளமக்ஸ்'. ஒருவரை என்ன சொல்வது, என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்க வைப்பது என்று அர்த்தம். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதே பேச்சு.

"இதுக்குத் தமிழ்ல ஒரே சொல்லா என்ன சொல்லலாம்?"

"திருதிருன்னு முழிக்க வைக்கிறது."

"அகராதியில திருதிருன்னு எழுத முடியுமா?"

"ஏன், திருதிருவுக்கு என்ன குறைச்சல்? முழிக்கிறவங்க எல்லாரும் அப்படித்தானே முழிக்கிறாங்க?"

கடைசியில் 'திணறடி, திக்குமுக்காட வை' என்று எழுதினார். பொருள் எழுதியாயிற்று. பிறப்புதான் பிடிபடவில்லை. இருநூறு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக அச்சில் இருக்கும் சொல்லாம். அதே சாயலில் நாட்டுப்புறப் பேச்சில் இன்னொரு சொல் இருந்ததாம், அலங்கோலமாக்கு, குழப்பு என்ற பொருளில். அதிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அடித்துச் சொல்லத்தான் யாராலும் முடியவில்லை.

இப்படி இவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசைக்காரி ஒரே மத்தியானத்தில் விடை கொண்டுவந்துவிட்டாள். நாற்பது வயதுக்கு மேல் அகராதிக்கு வந்தவள். முன்பு பத்திரிகையில் இருந்ததால் அவளைப் பத்திரிகைக்காரம்மா என்பார்கள். அவள் அட்டையில், ஃப்ளமக்ஸ் என்று ஒரு சீட்டாட்டக்காரன் இருந்தான், எதிரே உட்கார்ந்தவர்களை எல்லாம் முழிக்க வைத்தான், அவன் பெயரே வினைச்சொல்லாயிற்று என்று எழுதியிருந்தாள். ஆள் எந்த ஊர், என்ன தொப்பி என்பதுவரை இருந்தது. எல்லாம் அவளே கட்டியது. கேட்டதற்கு, "வெறும் கட்டமா விடறதுக்கு ஒரு நல்ல கதை இருந்துட்டுப் போகட்டுமே சார், யாருக்கு என்ன நஷ்டம்?" என்றிருக்கிறாள். இவர் அட்டையை நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. "பொய்யான பிறப்பை எழுதிவெச்சா, அதை நம்பி இன்னொருத்தர் அது மேல வீடு கட்டுவாங்க. அப்புறம் அடியில ஒண்ணுமில்லன்னு யார் போய்ச் சொல்றது?" என்று தட்டைப் பார்த்துக் கத்தினார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இதை நீங்களா சொல்றீங்க?" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லிவிட்டேன்.

எங்கள் மகள் நான் பெற்றவள் இல்லை. முப்பது வருடத்துக்கு முன் ஒரு காப்பகத்து மேற்பார்வையாளருக்குக் கண்ணாடி கொடுக்கப் போயிருந்தேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்க்கக் கை வேண்டுமே என்று, பிடித்துக்கொண்டிருந்த குழந்தையை என்னிடம் நீட்டினாள். அன்று காலையில்தான் ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்துப் பெஞ்சிலிருந்து எடுத்து வந்ததாம். ஒரு மாதம் இருக்கும் என்று டாக்டர் மதிப்புப் போட்டிருந்தார். ஃப்ரேமின் ஸ்குரூவை முடுக்க நான் குழந்தையைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. கேட்க வேண்டியவர்களைக் கேட்டு, போட வேண்டிய கையெழுத்தெல்லாம் போட்டு, ஐந்தாவது மாதம் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

பதிவேட்டில் தேதியும் எடையும், சுற்றியிருந்த துண்டைப் பற்றி ஒரு வரியும் இருந்தன. பெற்றோர் என்ற இடத்தில் தெரியவில்லை என்று இருந்தது. இவர் தன் பழக்கம் விடாமல் ஆஸ்பத்திரிக்கும் காப்பகத்துக்கும் ஒரு வருடம் நடந்தார். அவருக்குத் தெரியாமல் நானும் போய் விசாரித்தேன். தேடுகிறேன் என்றா போனேன், யாரும் வந்து கேட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் போனேன். இருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

வேறு வீட்டிலிருந்து வந்தவள் என்பதை மகளிடம் நாங்கள் மறைத்ததே இல்லை. ஆறு வயதில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் ஒரு ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "என்னைப் பெத்த அம்மாவுக்கு என்னைப் பிடிக்கலையாப்பா?"

அந்தக் கேள்வியில் இந்த மனிதர் திணறியதுபோல் யாரும் திணறி நான் பார்த்ததில்லை. வாய் திறந்தது, மூடியது. குழந்தையின் கண் நிறைந்துகொண்டே வந்தது. அதைத் தாங்க முடியாமல்தான் அவர் வாயிலிருந்து வந்தது: "பிடிக்காம இல்லடா கண்ணு. அவங்க டீச்சரா இருந்தாங்க. நீ பொறந்த கொஞ்ச நாள்ல காய்ச்சல் வந்து செத்துப் போயிட்டாங்க. போறப்போ, என் பொண்ணை நல்ல வீட்டுல கொடுங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க."

சொல்லுக்குச் சொல் சான்று கேட்கிற மனிதர், மூன்று மூச்சில் ஒரு மனுஷியைப் பிறக்கவைத்து, வேலையில் சேர்த்து, சாகவும் வைத்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். குழந்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஷூவைக் கழற்றிய நிம்மதியில் நானும் வாயை மூடிக்கொண்டேன். பொய் சொன்னது அவர் மட்டும் இல்லை.

அவள் அந்தக் கதையின் மேல்தான் வளர்ந்தாள். பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். படித்து டீச்சரானாள். முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது "அந்த அம்மா பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க இல்ல?" என்றாள். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தோம்.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். நான்கு தெரு தள்ளி வீடு. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசத் தெரியாத பிள்ளை. என் கடைக்கு அவர் வந்தாலே, கண்ணாடி கேட்க வந்தாரா, என்னைப் பார்க்க வந்தாரா என்று தெரிய பத்து நிமிடம் ஆகும்.

இவர் தட்டைப் பார்த்துக் கத்திய மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளை கடைக்கு வந்தார். கையில் கிரீஸ் அப்பியிருந்தது. சட்டைப் பையிலிருந்து கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றை இரண்டு விரலால் எடுத்து நீட்டினார்.

"அத்தை, இது அவ பீரோவுல இருந்துச்சு. நான் தேடிப் பார்க்கல. ஸ்பானர் பெட்டி சாவி தேடினேன்."

மகளின் கையெழுத்து. கரும்பலகையில் எழுதுவது போலக் குண்டு குண்டாக. பிரசவத்தில் தான் போய்விட்டால் மாப்பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தாள். குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி எப்போது. எந்தப் பள்ளிக்கூடம். வேறு கல்யாணம் செய்துகொள், ஆனால் சமையல் தெரிந்தவளாகப் பார், நீ பொங்குவதைச் சாப்பிட்டுக் குழந்தை தேறாது. கடைசியில் ஒரு வரி: 'என் அம்மா என்னைப் பெற்றுவிட்டுப் போனாள், எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. குழந்தையிடம் எங்கள் இருவரைப் பற்றியும் சொல்லு.'

"டாக்டர் அவகிட்ட, உங்கம்மா எதனால இறந்தாங்கன்னு கேட்டாராம் அத்தை. பிரசவக் காய்ச்சலா, ரத்தப்போக்கான்னு. விசாரிச்சு எழுதிட்டு வாங்கன்னு ஒரு பாரம் கொடுத்திருக்கார். ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட கேக்கணும்னு வெச்சிருக்கா. ராத்திரி சரியா தூங்கறதில்ல. சாப்பாடும் இறங்கல." கொஞ்சம் நின்று, "எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல அத்தை" என்றார்.

மாப்பிள்ளையை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். எப்படிச் சரியாகும் என்பதையும் அவர் படியிறங்குவதற்குள் யோசித்து முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் கடிதத்தைச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை நான் பேசிக்கறேன். நீங்க வாயைத் திறக்காதீங்க. அந்தக் காய்ச்சல் பிரசவத்துல வந்தது இல்ல, பின்னாடி தண்ணி ஒத்துக்காம வந்ததுன்னு சொல்லிடறேன். பயம் போயிடும். விஷயம் முடிஞ்சது."

"வேணாம்."

"ஏன் வேணாம்? ஆஸ்பத்திரிக்குப் போற பொண்ணுகிட்ட இப்பப் போய் உங்க சான்றைக் காட்டணுமா?"

"டாக்டர் அதையும் எழுதிக்குவார். அதை வெச்சு மருந்து கொடுப்பார். இன்னும் எத்தனை பேர் அந்தப் பொய் மேல ஏறி நிக்கணும்?"

"இருபத்து நாலு வருஷமா வராத ஞானம் இன்னிக்கு வந்துடுச்சாக்கும்."

"நேத்து நீ கேட்டப்போ வந்துச்சு" என்றார். குரல் எழும்பவே இல்லை. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தி ஜெயித்திருப்பேன்.

சனிக்கிழமை முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சாயங்காலம் அடுப்படி மேசையில் ஓர் அட்டையை என் முன்னால் வைத்தார். அலுவலகத்து அட்டை. முதல் வரியில் மகளின் பெயர். பொருள் என்ற இடத்தில் 'எங்கள் மகள்'. முதலில் கண்ட இடம் என்பதில் ஆஸ்பத்திரியின் பெயரும் பெஞ்சும் தேதியும். நான்காவது வரியில் 'தெரியவில்லை'. அதன் கீழே அவர் கையெழுத்து. பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"வாயால சொல்லப் போனா நான் மறுபடியும் திணறிப் போய் எதையாவது உளறிடுவேன். இதுதான் எனக்குச் சரியா சொல்லத் தெரிஞ்ச விதம். நீயும் தனியா போய்த் தேடினேல்ல? எனக்கு அப்பவே தெரியும்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முப்பது வருடமாக என் வயிற்றிலிருந்த பயத்தை இந்த மனிதர் தெரிந்துவைத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறார். "எம்பொண்ணு என்ன உங்க அலுவலகத்து டிராயர்ல போடற அட்டையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனேன். பாத்திரங்களை எல்லாம் கழுவினேன். கழுவியிருந்தவற்றையும் கழுவினேன். அந்தக் கடிதத்தின் கடைசி வரி கண்முன்னாலேயே நின்றது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனோம். மகள் நாற்காலியில் உட்கார்ந்து கால்களை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தாள். பக்கத்தில் மாணவர்களின் நோட்டுகள், அவற்றின் மேல் அந்த டாக்டர் பாரம். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. மாப்பிள்ளை கதவோரம் நின்றார்.

"வாங்க. நல்லவேளை ரெண்டு பேரும் வந்தீங்க. ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

இவர் பேசாமல் அட்டையைக் கொடுத்தார்.

அவள் படித்தாள். சிரிக்கப் போனாள், ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பாள். இரண்டாம் தடவை படித்தாள். இவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அகராதியில் இவர் எழுதிய எந்தத் தமிழ்ச் சொல்லும் அந்த முகத்துக்குப் போதாது.

"அப்போ டீச்சர்?"

"நான் சொன்ன பொய்ம்மா" என்றார் இவர். "நீ அழுதே. எனக்குத் தாங்கல. அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. காய்ச்சல் வந்துச்சான்னு தெரியாது. செத்தாங்களான்னும் தெரியாது. உன்னைப் பெத்ததால யாரும் செத்ததா எங்கேயும் ஒரு சான்றும் இல்ல."

"உயிரோட இருக்கலாமா?"

"இருக்கலாம்மா."

அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில் கோபமும் சேர்ந்து வந்தது. "வருஷா வருஷம் என் பொறந்தநாள் அன்னிக்கு அவங்களுக்காக ஒரு வேளை சாப்பிடாம இருந்தேனே. பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? அவங்க மாதிரி ஆகணும்னு இந்த வேலைக்கு வந்தேன். இல்லாத ஒருத்திக்காக..."

"வேலைக்கு வந்தது நீ. அதுல பொய் இல்ல" என்றார் இவர். அவருக்கும் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "திட்டு. எவ்வளவு வேணா திட்டு. ஆனா அந்த லெட்டரைக் கிழிச்சுப் போடு."

மகள் மாப்பிள்ளையைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் சாவி தேடியதைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, ஆறு வயதில் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"அப்போ என்னைப் பிடிக்காமலே விட்டுட்டுப் போயிருக்கலாம்தானே?"

இவர் வாயைத் திறந்து மூடினார். இந்தத் தடவை எதையும் கட்டவில்லை. "தெரியாதும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. மறந்ததில்லை. டீச்சரும் காய்ச்சலும் வந்து இடத்தை அடைத்துக்கொண்டதால் சொல்ல வேளை வரவில்லை.

"நகம் வெட்டியிருந்துச்சு" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"உன்னை முதமுதல்ல கையில வாங்கினப்போ என் விரலைப் பிடிச்சுக்கிட்டே. பார்த்தா பத்து நகமும் ஒட்ட வெட்டியிருந்துச்சு. ஒரு இடத்துலகூடக் கீறல் இல்ல. நல்லா வெட்டியிருக்கீங்களேன்னு அந்த மேற்பார்வையாளர் அம்மாகிட்ட சொன்னேன். நாங்க இன்னும் குளிப்பாட்டவே இல்லம்மா, இப்பத்தான் வந்துச்சு, அப்படியேதான் வந்துச்சுன்னு சொன்னாங்க."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையே?" என்றார் இவர். "யாராவது எழுதி..."

"எழுதியெல்லாம் வைக்கல. நான்தான் சான்று. இந்தக் கண்ணால பார்த்தேன்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

மகள் தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அழுகை நின்றிருந்தது.

"அவ்வளவு சின்னக் குழந்தைக்கு எப்படிம்மா வெட்டறது?"

"முழிச்சிருந்தா முடியாது. கையை உதறிக்கிட்டே இருக்கும். மடியில போட்டுக்கிட்டு, அது நல்லா தூங்கற வரைக்கும் உக்காந்திருக்கணும். அப்புறம் ஒவ்வொரு விரலா பிடிச்சு வெட்டணும்."

"பத்து விரலும்?"

"பத்து விரலும்."

அவள் தன் சுண்டுவிரல் நகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அப்போ, நான் தூங்கற வரைக்கும் உக்காந்திருக்காங்க" என்றாள்.